எடுக்கும்போதே களைத்த செல்கள்

பல்லடம் வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகளில் குஞ்சு இறக்கிய இரண்டாவது வாரத்தில், ஒரு நாள் காலையில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கோழிகளைத் தாகத்தில் விட்டு, பிறகு குளோரின் கலக்காத தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்து, அதில் மருந்துக் குப்பியை உடைத்துச் சேர்த்துத் திறந்துவிடுவார்கள். இது கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. அந்த வைரஸ் போய்த் தாக்குமிடம் கோழியின் எச்சத் துவாரத்துக்குச் சற்று மேலே இருக்கும் பர்சா என்ற சின்னப் பை. நோய் வந்து பிழைத்த கோழியும் அதன்பின் எந்தக் கிருமிக்கும் தாக்குப்பிடிக்காது. ராணிக்கெட் தடுப்பு மருந்து கொடுத்தாலும் “பிடிக்கவில்லை” என்பார்கள் பண்ணைக்காரர்கள். எதிர்ப்புப் புரதம் செய்யும் செல்கள் பக்குவப்படுகிற பட்டறையே அழிந்துவிட்ட பிறகு மருந்து எப்படிப் பிடிக்கும்?

அந்தப் பையின் வேலையைக் கண்டுபிடித்ததும் கோழியை வைத்துத்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் கோழிக்குஞ்சுகளின் பர்சாவை அறுத்தெடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. சக மாணவர் திமோத்தி சாங் வேறொரு வேலைக்காக அதே கோழிகளை வாங்கி சால்மோனெல்லாக் கிருமியின் பொருளை ஊசி போட்டார். சில கோழிகள் செத்தன, பிழைத்தவற்றின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இல்லை. 1956-இல் அந்தக் கட்டுரை வெளியானது கோழி வளர்ப்பு அறிவியலுக்கான இதழில்; மருத்துவ உலகம் பல ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1965-இல் மின்னசோட்டாவில் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் இன்னும் தெளிவான சோதனைகளைச் செய்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இரண்டு தனித்தனிப் படைகள் இருப்பதைக் காட்டினார்கள். பர்சாவில் பக்குவப்படுபவை பி செல்கள். கோழியின் கழுத்தில் இருக்கும் தைமஸில் பக்குவப்படுபவை டி செல்கள். மனிதருக்குப் பர்சா கிடையாது. அந்த வேலையை எலும்பு மஜ்ஜை செய்கிறது.

இன்று புற்றுநோய் மருத்துவத்தில் அதிகம் பேசப்படும் கார்-டி செல் சிகிச்சை, இந்த இரண்டு படைகளில் ஒன்றை மற்றொன்றின் மீது ஏவிவிடுவது. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப்புற்று வகையும் பெரியவர்களுக்கு வரும் நிணநீர்ப் புற்றுகளில் பெரும்பகுதியும் கெட்டுப்போன பி செல்களிலிருந்தே பிறக்கின்றன. பி செல்களின் மேற்பரப்பில் சிடி19 என்ற புரதம் உண்டு. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் ஒரு வைரஸ் வழியாக அவற்றுக்குள் புதிய மரபணுவை நுழைத்தால், சிடி19-ஐ அடையாளம் காணும் கார் என்ற செயற்கை ஏற்பி ஒன்றை அவை தம்மேல் வளர்த்துக்கொள்ளும். பெருக்கி, திரும்பவும் அதே ஆளின் உடம்பில் ஏற்றுவார்கள். சிடி19 தெரிந்த இடத்திலெல்லாம் அவை பாயும். நல்ல பி செல், கெட்ட பி செல் என்ற பாகுபாடு அவற்றுக்கு இல்லை. எனவே சிகிச்சை பலித்த நோயாளியின் ரத்தத்தில் பி செல் அறவே இருக்காது. கிளிக் அறுத்துவிட்ட கோழியின் நிலையை ஒரு மனிதருக்கு வேண்டுமென்றே உண்டாக்குகிறோம். அவருக்கு வெளியிலிருந்து எதிர்ப்புப் புரதத்தை நரம்பு வழியே ஏற்ற வேண்டிவரும்.

இந்தக் குறைபாடே மருத்துவருக்கு அளவுகோலாகவும் பயன்படுகிறது. பி செல் இல்லாதவரை, ஏற்றிய டி செல்கள் உள்ளே உயிரோடு வேட்டையாடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ரத்தப்புற்று நோயாளிக்கு ஆறு மாதத்துக்குள் பி செல்கள் தலைகாட்டினால் காவல் போய்விட்டது என்று பொருள். பல மையங்களில் உடனே எலும்பு மஜ்ஜை மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை 2023 அக்டோபரில் முறைப்படி அனுமதி பெற்றது. மும்பை ஐஐடியில் ராகுல் புர்வாரின் குழுவும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற மருந்து, 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2017-இல் முதல் கார்-டி மருந்து 4,75,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இங்கே 30 முதல் 40 லட்சம் ரூபாய். செய்தித்தாள்கள் விலையைக் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 2025-இல் லான்செட் ஹீமட்டாலஜி இதழில் வந்த ஆய்வு முடிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு மூன்று எண்கள். பலன் மதிப்பிடப்பட்டவர்களில் 73 விழுக்காட்டினருக்குப் புற்று குறைந்தது அல்லது மறைந்தது. நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்த இடைநிலைக் காலமோ ரத்தப்புற்றில் சுமார் 6 மாதம், நிணநீர்ப் புற்றில் சுமார் 4 மாதம். எந்தச் சிகிச்சைக்கும் மசியாமல் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் இந்த எண்கள் மோசமானவை அல்ல. ஆனாலும் முதல் எண்ணுக்கும் அடுத்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இந்திய மருந்துக்கு மட்டும் உரியதல்ல. நியூயார்க்கில் பெரியவர்களுக்கான ரத்தப்புற்றில் 53 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 83 விழுக்காட்டினருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. நோய் திரும்பாமலும் உயிர் போகாமலும் இருந்த இடைநிலைக் காலம் 6.1 மாதம். பலித்தது ஏன் நிலைக்கவில்லை?

ஒரு பாதிப் பதில் புற்றிடம் இருக்கிறது. சிடி19-ஐ மட்டுமே தேடத் தெரிந்த படைக்கு முன்னால் சிடி19-ஐக் கழற்றிப் போட்டுவிட்டால் போதும். சில புற்றுச் செல்களில் அந்த மரபணு திரிந்து புரதமே உருவாவதில்லை. சிலவற்றில் புரதம் உருவாகிறது, ஆனால் கார்-டி பற்றிக்கொள்ளும் துண்டு மட்டும் வெட்டப்பட்டுவிடுகிறது. இன்னும் சில ரத்தப்புற்றுகள் பி செல் வேடத்தையே கலைத்துவிட்டு வேறு குலத்து வெள்ளணுவாக மாறித் திரும்புகின்றன. 2019-இல் தெரியவந்த வழி இன்னும் விசித்திரமானது: டி செல், புற்றுச் செல்லைத் தொடும்போது அதன் சிடி19-ஐக் கொஞ்சம் பிய்த்துத் தன்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. புற்றுச் செல் மேலே அடையாளம் குறைந்துபோகிறது. டி செல்லோ மற்ற டி செல்களுக்கே இரையாகிறது.

இந்த வகையில் மறக்க முடியாதது பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சிகிச்சை பெற்ற 20 வயது நோயாளி ஒருவரின் கதை. மார்க்கோ ருயெல்லாவின் குழு 2018-இல் அதை வெளியிட்டது. சிகிச்சை முடிந்து 9 மாதம் கழித்து நோய் திரும்பியது. திரும்பிய புற்றுச் செல்களில் சிடி19 இல்லை என்றது பரிசோதனை. துருவிப் பார்த்தபோது அவை அத்தனையும் கார் ஏற்பியைச் சுமந்துகொண்டிருந்தன. டி செல்களைப் பிரித்தெடுத்தபோது ஒரே ஒரு புற்றுச் செல் அந்தக் கூட்டத்தில் கலந்திருக்கிறது. வைரஸ் அதற்குள்ளும் மரபணுவை நுழைத்துவிட்டது. தன்மேல் முளைத்த கார் ஏற்பி தன்னுடைய சிடி19-ஐயே பற்றி மூடிக்கொள்ள, அந்தச் செல் வேட்டைக்காரர்களின் கண்ணில் படாமலே பெருகியது. ஒரேயொரு செல்! தயாரிப்பில் தூய்மை என்று சொல்வதன் பொருள் இந்த ஒரு சம்பவத்தில் விளங்கிவிடுகிறது.

இந்தத் தப்பித்தல்களுக்கு மாற்று தேடுவது ஒப்பீட்டளவில் நேரான வேலை. சிடி19-உடன் பி செல்லின் இன்னொரு புரதமான சிடி22-ஐயும் சேர்த்துக் குறிவைக்கும் ஏற்பிகள் சோதனையில் இருக்கின்றன. ஆனால் நிணநீர்ப் புற்று திரும்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடமே அடையாளம் தொலைந்திருந்தது. மற்றவர்களின் புற்றில் சிடி19 பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவர்களிடம் தோற்றது டி செல்.

டி செல்லும் களைக்கும் என்பதை அறிவியலுக்குக் காட்டியவர்களில் ஹைதராபாத்தில் பிறந்து அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் ரஃபி அகமது முக்கியமானவர். 1998-இல் அவருடைய குழு, நாட்பட்ட வைரஸ் தொற்று உள்ள எலிகளில் ஒரு வினோதத்தைக் கண்டது. வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் சாகாமல் அங்கேயே இருந்தன. ஆனால் வேலை செய்யவில்லை. எதிரி ஒழியாமல் கண்முன்னே நின்றுகொண்டே இருந்தால் டி செல் மெல்ல மெல்லத் தன் ஆயுதங்களைக் கீழே போடுகிறது. 2006-இல் அதே குழு, பிடி-1 என்ற புரதம் இந்தக் களைப்பின் கடிவாளமாக வேலை செய்வதைக் கண்டறிந்தது. பிறகு வந்த ஆய்வுகள், இது வெறும் அசதி அல்ல, செல்லின் மரபுப்பொருள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் விதமே மாறிப்போகும் நிலைமாற்றம் என்று காட்டின. ஓய்வு கொடுத்தால் எழுந்துவிடும் களைப்பு ஒன்று உண்டு, எழாத களைப்பும் உண்டு. எந்தக் கட்டத்தில் முன்னது பின்னதாகிறது என்பதே இன்றைய ஆராய்ச்சியின் மையக் கேள்வி.

கார்-டி செல்லுக்கு இந்தக் களைப்பு இன்னும் சீக்கிரம் வருகிறது. இயற்கையான டி செல் ஏற்பி, எதிரியைக் கண்டால் மட்டும் சமிக்ஞை தரும். செயற்கை ஏற்பிகளில் சில, எதிரியே இல்லாதபோதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓயாமல் சன்னமாகச் சமிக்ஞை தந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கிரிஸ்டல் மெக்கால் குழு 2015-இல் இதைக் காட்டியது. ஏற்பிக்குள் சேர்க்கப்படும் துணைச் சமிக்ஞையும் முக்கியம். சிடி28 என்ற பகுதியைச் சேர்த்தால் செல்கள் வேகமாகப் பெருகி, வேகமாகக் கொன்று, சில வாரங்களில் அடங்கிவிடுகின்றன. 4-1பிபி என்ற பகுதியைச் சேர்த்தால் நிதானமாகப் பெருகி மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில் நிற்கின்றன. நெக்ஸ்கார்19 இரண்டாவது வகை. அதோடு, அதன் ஏற்பியில் சிடி19-ஐப் பற்றும் எதிர்ப்புப் புரதத் துண்டை எலியுடையதிலிருந்து மனிதச் சாயலுக்கு மாற்றியமைத்திருக்கிறார்கள். உடம்பு அதை அந்நியமென்று நினைத்து அழித்துவிடாமல் இருக்க. இப்படிக் கவனமாக வடிவமைத்தும் ஆறு மாதம்தான் என்றால், குறையை வடிவமைப்பில் மட்டும் தேடிப் பயனில்லை என்பது என் எண்ணம்.

தேட வேண்டிய இடம் மூலப்பொருள். பல்லடத்தில் நூல் மில் ஓட்டுபவரிடம் கேட்டால் சொல்வார்: கழிவுப் பஞ்சில் ஓஇ என்ற முரட்டு நூல் ஓட்டலாம், பனியனுக்கான நயமான 40-ஆம் நம்பர் கோம்டு நூல் ஓட்ட முடியாது, மெஷின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி. கார்-டி மருந்தின் பஞ்சு நோயாளியின் சொந்த டி செல். அது எந்த நிலையில் வருகிறது?

இதற்கு நேரடியான சான்று 2018-இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்தது. நாட்பட்ட ரத்தப்புற்று உள்ள 41 பேருக்கு ஒரே மருந்து, ஒரே முறை. சிலருக்கு நோய் மறைந்து ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. பெரும்பாலோருக்குப் பலனே இல்லை. ஜோசஃப் ஃப்ரையெட்டாவின் குழுவுக்கு வயது, நோயின் தீவிரம், முன்பு பெற்ற சிகிச்சை என்று எதைப் பார்த்தும் வித்தியாசம் பிடிபடவில்லை. வித்தியாசம் எடுத்த செல்லில் இருந்தது. பலன் பெற்றவர்களிடம் இளமையான, நினைவுச் செல்லின் தன்மையுள்ள டி செல்கள் தயாரிப்புக்கு முன்பே அதிகம் இருந்தன. பலனில்லாதவர்களின் செல்கள் மரபணு நுழைவதற்கு முன்பே களைப்பின் அறிகுறிகளைக் காட்டின. அதே ஆய்வுத் தொடரில் ஒரு விதிவிலக்கும் உண்டு. ஒரு முதியவருக்கு ஏற்றிய செல்களில், வைரஸ் தற்செயலாக டெட்2 என்ற மரபணுவுக்குள் போய் விழுந்து அதைச் செயலிழக்கச் செய்தது. அந்த ஒரு செல்லின் வாரிசுகளே பெருகிப் பெருகி, உச்சக்கட்டத்தில் அவருடைய கார்-டி செல்களில் 94 விழுக்காடாக ஆயின. புற்று மறைந்தது. விபத்தாகத்தான் நடந்தது, ஆனால் களைப்புக்கு எதிரான மரபணுத் திருத்தம் சாத்தியம் என்பதை அது காட்டிவிட்டது.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வு இன்னும் கவலை தருவது. பிலடெல்பியாக் குழந்தைகள் மருத்துவமனையில் 150-க்கு மேற்பட்ட புற்றுநோய்க் குழந்தைகளின் ரத்தத்தை நோய் கண்டறிந்தபோதும் ஒவ்வொரு கீமோ சுற்றுக்குப் பிறகும் எடுத்துப் பார்த்தார்கள். சுற்று ஏற ஏற இளம் டி செல்கள் குறைந்துகொண்டே போயின. மிஞ்சியவற்றை ஆய்வகத்தில் பெருக்குவதும் கடினமாயிற்று. கீமோ மருந்து புற்றைக் கொல்லும் அதே கையால், நாளைக்குத் தேவைப்படக்கூடிய படையின் விதையையும் கொல்கிறது.

இப்போது இதை நம் ஊர் நோயாளியின் பாதையில் வைத்துப் பாருங்கள். தறிக்குடோனிலோ பனியன் கம்பெனியிலோ வேலை செய்யும் குடும்பம். காய்ச்சல் நிற்கவில்லை, கழுத்தில் கட்டி என்று உள்ளூர் டாக்டரிடம் ஆரம்பித்து, கோவையில் நோய் உறுதியாகி, முதல் கீமோ முடிந்து, சில மாதம் நன்றாக இருந்து, திரும்பி வந்து, இரண்டாவது கீமோ, அதுவும் கேட்காமல் மூன்றாவது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். கார்-டியின் விலை அதைப்போல ஆறு முதல் எட்டு மடங்கு. ஆகவே நகை, நிலம், உறவினர் என்று பணம் புரளும் வரை கீமோவே ஓடிக்கொண்டிருக்கும். பணம் சேர்ந்து, செல் எடுக்கும் இயந்திரத்தின் முன் அவர் உட்காரும்போது, எடுக்க வேண்டிய செல் எப்போதோ தேய்ந்துபோயிருக்கும். புற்றின் சுமையும் ஏறியிருக்கும். சுமை அதிகமுள்ளவர்களுக்குப் பலன் சீக்கிரம் போய்விடுகிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. மருந்து தோற்றது என்று அன்று எழுதுவோம். தோல்வி தொடங்கியது இரண்டாவது கீமோவில்.

முந்திக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நிணநீர்ப் புற்றில் விடை கிடைத்திருக்கிறது. முதல் சிகிச்சை கைவிட்ட உடனேயே கார்-டி கொடுத்த ஜுமா-7 என்ற பன்னாட்டுச் சோதனையில், வழக்கமான இரண்டாம் கட்டச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் முன்னேறுவது முதலான பின்னடைவில்லாத இடைநிலைக் காலம் 2 மாதம். கார்-டி பெற்றவர்களுக்கு 8.3 மாதம். 2023-இல் வந்த முடிவு, உயிர்வாழும் காலமும் கூடியிருப்பதைக் காட்டியது. அமெரிக்காவில் 2022-லிருந்தே அந்த இடத்தில் பயன்படுத்த அனுமதி உண்டு.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினையின் இன்னொரு முனையைத் தொட்டிருப்பது வேலூர் சிஎம்சி. அங்கே நடந்த வெல்கார்ட் சோதனையில், செல்களை எங்கோ உள்ள தொழிற்சாலைக்கு அனுப்பாமல், மருத்துவமனைக்குள்ளேயே மூடிய தானியங்கிக் கருவியில் சுமார் 9 நாளில் தயாரித்தார்கள். 10 நோயாளிகள். கடுமையான ரத்தப்புற்று இருந்த 6 பேருக்கும் நோய் மறைந்தது; நிணநீர்ப் புற்று இருந்த 4 பேரில் 2 பேருக்கு. 15 மாத இடைநிலைக் கண்காணிப்புக்குப் பிறகு 80 விழுக்காட்டினர் புற்றின்றி இருந்தார்கள் என்று 2025-இல் அறிவித்தார்கள். 10 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, இதைக் கொண்டு மும்பை முடிவுகளோடு போட்டி வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் நாள் குறைவது பணத்துக்காக மட்டும் அல்ல. ஆய்வகத்தில் அதிக நாள் பெருக்கப்படும் டி செல் தன் இளமையை இழக்கிறது என்பது பென்சில்வேனியா ஆய்வுகளிலேயே தெரிந்தது. குறைந்த நாள் வளர்த்த செல், எலிகளில், குறைந்த அளவிலேயே நன்றாக வேலை செய்தது. நோயாளி காத்திருக்கும் நாளும் அந்த அளவுக்குக் குறைகிறது. இடைக்காலக் கீமோவும் குறைகிறது.

களைத்த செல்லை உள்ளே வைத்தே மீட்க முடியுமா என்ற முயற்சிகளில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மெக்கால் குழு 2021-இல், ரத்தப்புற்றுக்கே வழக்கமாகக் கொடுக்கும் டாசாட்டினிப் மாத்திரை கார் ஏற்பியின் சமிக்ஞையைத் தற்காலிகமாக நிறுத்துவதைப் பயன்படுத்திக்கொண்டது. எலிகளில் சில நாள் மாத்திரை, சில நாள் இடைவெளி என்று செல்களுக்கு விட்டுவிட்டு ஓய்வு கொடுத்தபோது, களைத்த செல்கள் மீண்டும் கொல்லத் தொடங்கின. இந்தியாவில் பல மருந்துக் கம்பெனிகள் செய்யும் மலிவான மாத்திரை அது. மனிதர்களில் இதே பலன் கிடைத்தால் நமக்கு உகந்த வழி இதைவிட வேறில்லை.

நம் ஊரில் அதிகம் பார்க்கும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் புற்றுகளுக்கு இந்தச் சிகிச்சை எப்போது வரும் என்று கேட்பவர்கள் உண்டு. கட்டியாக வளரும் புற்றில் டி செல் முதலில் உள்ளே நுழையவே திணறுகிறது. நுழைந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை, தடுப்புப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன, களைப்பு இன்னும் வேகமாக வருகிறது. சீனாவில் இரைப்பைப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2025-இல் வெளியானது. நோய் முன்னேறாத இடைநிலைக் காலம் ஒப்பீட்டுக் குழுவில் 1.77 மாதம், கார்-டி பெற்றவர்களுக்கு 3.25 மாதம். இதுவே முன்னேற்றம் என்று பாராட்டப்பட்டது என்றால் தூரம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

எதிர்ப்புறத்தில் டக் ஓல்சன் இருக்கிறார். 2010-இல் பென்சில்வேனியாவில் சிகிச்சை பெற்ற முதல் சிலரில் ஒருவர். பத்தாண்டுக்குப் பிறகும் அவருடைய ரத்தத்தில் அந்தச் செல்கள் இருந்ததை 2022-இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. ஆரம்பத்தில் கொல்லும் வகை டி செல்கள் மிகுந்திருந்தாலும், நிலைத்து நின்றவை பெரும்பாலும் உதவும் வகையைச் சேர்ந்தவை என்பது யாரும் எதிர்பாராதது. ஆகக் களைப்பு விதியல்ல.

இதில் ஆராய்ச்சிக்காகக் காத்திராமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. செல் எடுக்கும் வேலை நாலைந்து மணி நேரத்தில் முடிவது. இரண்டு கையிலும் ஊசி, ஒரு பக்கம் ரத்தம் இயந்திரத்துக்குப் போய் மறுபக்கம் திரும்பும். உதடு மரத்துப்போனால் கால்சியம் கொடுப்பார்கள். எடுத்த செல்லை உறையவைத்துப் பின்னர் மருந்தாக்கலாம். அமெரிக்காவின் முதல் மருந்தே உறையவைத்த செல்லிலிருந்து செய்யப்பட்டதுதான். நோய் முதல் முறை திரும்பும்போதே, இரண்டாம் கீமோ ஏறும் முன்பாக, இளைய நோயாளிகளின் டி செல்லை எடுத்து உறைகலத்தில் வைத்துவிட்டால், பணம் சேர ஒரு வருடம் ஆனாலும் செல்லுக்கு வயதாகாது. திருப்பூரிலிருந்து வேலூரை ஒட்டிய காட்பாடிக்கு ரயிலில் சுமார் 300 கிலோமீட்டர். முதல் நாள் ஏறினால் மறுநாள் மாலை வீட்டுக்கு வந்துவிடலாம். காப்பீட்டுத் திட்டம் 40 லட்சத்தைத் தர முடியாது என்றால், முதற்கட்டமாக இந்த எடுப்புச் செலவையும் சேமிப்புச் செலவையுமாவது பட்டியலில் சேர்க்கலாம்.